நெட்டைத் தெருவில் கால்வாய் எந்தப் பக்கம்

நகராட்சியின் கால்வாய் மீட்புக் குழு வெளியிட்ட அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இப்படி ஒரு குறிப்பு இருக்கிறது: "வரலாற்று ஆலோசகர்: அமைதியான சுபாவமும், ஆழ்ந்த நூலறிவும், எந்தத் தரப்பையும் சாராத பார்வையும் கொண்ட மூத்த ஆய்வாளர்."

இதில் 'மூத்த' என்பது ஓரளவுக்குச் சரி. அவள் ஐம்பதைத் தாண்டியவள். மற்றதெல்லாம் எழுதியவரின் நல்ல மனசு. அந்த அமைதியான சுபாவத்தின் குரலை நாலு தெரு தள்ளி இருப்பவர்களும் தினமும் காலையில் கேட்கிறார்கள்: "பிரேக்! பிரேக்! பிரேக்க மிதிங்கன்னா எதுக்கு சார் வைப்பரப் போடறீங்க?" நூலறிவைப் பற்றிச் சொல்வதென்றால், அவள் கடைசியாக முழுசாகப் படித்தது சாலை விதிகள் கையேடு, அதிலும் பாதிப் பக்கங்களோடு அவளுக்குத் தகராறு உண்டு. எந்தத் தரப்பையும் சாராத பார்வை என்ற இடத்தைப் படித்திருந்தால் அவளுடைய அக்கா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். ஆனால் அறிக்கை வெளிவந்த சமயத்தில் அக்கா சிரிக்கிற மனநிலையில் இல்லை.

அவள் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். ஊர் வைத்த பெயர் 'பிரேக் டீச்சர்'. பழகுகிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தபடியே மிதிக்க அவளுக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. இருபது வருஷமாக அதன்மேலேயே வாழ்ந்த வலது கால், கார் இல்லாத இடத்திலும் சும்மா இருப்பதில்லை. சினிமா தியேட்டரில் திரையில் லாரி வந்தால் முன்சீட்டுக்காரரின் முதுகில் மிதி விழும்.

அந்த ஊர் பலகை மாதிரித் தட்டை. மேட்டில் வண்டி நிறுத்தி எடுக்கப் பழக்குவதற்கு, பஸ் டிப்போவுக்குப் பக்கத்தில் இருந்த ஒரே ஒரு மேடுதான் கதி. ஒருநாள் அங்கே எஞ்சின் அணைந்து, பின்னால் ஹாரன் கச்சேரி நடந்துகொண்டிருக்க, ஸ்டியரிங்கில் வியர்த்துக்கொண்டிருந்தவர் நகராட்சியின் இளம் இன்ஜினியர்.

"ஊரே சப்பையா இருக்கு. இங்க மட்டும் எதுக்கு சார் இந்த மேடு?" என்று டீச்சர் கேட்டாள்.

இன்ஜினியர் யோசித்தார். "ரெக்கார்டுபடி இங்க மேடே இல்ல மேடம்."

"அப்ப நீங்க சமதரையிலயா வண்டிய அணைச்சீங்க? அது இன்னும் கேவலம் சார்."

கேலியாகச் சொன்னாளே தவிர, கேள்வி அவளை விடவில்லை. வகுப்பு முடிந்ததும் இறங்கிப் பார்த்தாள். சாலையின் இருபக்கமும் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல்சுவர். மேலே போஸ்டர், அதற்கு மேலே இன்னொரு போஸ்டர். ஒரு பக்கம் சைக்கிள் கடை, மறுபக்கம் டிப்போவின் மதில். விழுவதற்கு எதுவுமே இல்லாத இடத்தில், விழாமல் இருக்க எவனோ மெனக்கெட்டுச் சுவர் கட்டியிருக்கிறான். இத்தனை வருஷமாகத் தான் கிளட்ச் கற்றுக்கொடுத்தது ஒரு பாலத்தின் மேல் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பாலம் என்றால் தண்ணீர் இருந்திருக்க வேண்டுமே? தண்ணீர் எங்கே?

அன்றிலிருந்து பிடித்தது அந்தப் பைத்தியம். அதுவரை அவளுக்கு இருந்த ஒரே ஆராய்ச்சி, இந்த ஊர்க்காரர்கள் திரும்பும்போது ஏன் சிக்னல் போடுவதில்லை என்பதுதான்.

கார் பழக வருகிறவர்களிடம் முதலில் அவர்கள் வீட்டுப் பெரியவர்களின் வயதை விசாரித்தாள். எழுபதுக்கு மேல் யாராவது இருந்தால், அன்றைய வகுப்பு அந்த வீட்டு வாசலில் வண்டியை ஓரங்கட்டும் பயிற்சியாக மாறிவிடும். இப்படித் தேடியதில் ஆளுக்கொரு கால்வாய் கிடைத்தது. ஒருவர் உப்புப் படகு வந்ததாகச் சொன்னார். இன்னொருவர் சத்தியம் பண்ணாத குறையாக, ஓடு ஏற்றி வந்த படகுதான் என்றார். மூன்றாமவர், கால்வாய் வெட்டினார்களே தவிர தண்ணீரே விடவில்லை, திறப்பு விழாவில் பேசியவர்கள் பேசி முடிப்பதற்குள் மழைக்காலம் போய்விட்டது என்றார். ஏன் கைவிட்டார்கள் என்பதற்கு ரயில், வண்டல், ஒரு பெரிய அதிகாரியின் மனைவிக்கு ஒத்துக்கொள்ளாத கொசு என்று காரணங்கள் வரிசையாக வந்தன. எல்லாவற்றையும் அவள் ஒரே சந்தோஷத்தோடு வாங்கிக்கொண்டாள். பொய் என்று தெரிந்த கதைக்குக் கூடுதலாக ஒரு டீ வாங்கிக்கொடுத்தாள்.

நூலகத்துக்கும் போகாமல் இல்லை. பத்து நிமிஷம் உட்கார்ந்தாள். மேசைக்கடியில் அவளுடைய வலது கால் மிதித்த மிதியில் நூலகர் எழுந்து வந்துவிட்டார். "என்னம்மா, கீழ எலியா?" அதோடு நூலறிவு முடிந்தது.

சொன்னவர்கள் எல்லாரும் ஒத்துப்போன விஷயம் ஒன்றே ஒன்று. படகைக் கயிறு கட்டிக் கரையிலிருந்து இழுத்துக்கொண்டு போவார்களாம். இழுத்தவர்கள் நடந்த பாதைதான் இன்றைய நெட்டைத் தெரு. டிப்போ முனையில் ஆரம்பித்து, ஒரு வளைவுகூட இல்லாமல், அளவுகோல் வைத்துக் கிழித்த மாதிரி போகும் ஒருவழித் தெரு அது. சரி, தெரு கரை என்றால், கால்வாய் அதற்கு இடப்பக்கமா, வலப்பக்கமா? இங்கே பெரியவர்களின் ஞாபகம் வழக்கம்போல் இரண்டாகப் பிரிந்தது.

இதற்குள் இன்ஜினியருக்கும் கால்வாய் தேவைப்பட்டது. ஒவ்வொரு மழைக்கும் நெட்டைத் தெருவில் தண்ணீர் முழங்கால்வரை ஏறுகிறது. பழைய கால்வாயைத் திறந்துவிட்டால் வடியும் என்பது அவருடைய திட்டம். நகராட்சி குழு போட்டது. குழுவுக்கு வரலாறு தெரிந்த ஒருவர் வேண்டும் என்று விதி சொன்னது. இன்ஜினியருக்குத் தெரிந்த ஒரே வரலாற்றாளர், மேட்டில் வண்டி அணைந்தால் திட்டுகிறவள்.

"தோண்டிப் பாத்தா எந்தப் பக்கம்னு தெரிஞ்சுடுமே சார்?" என்று அவள் கேட்டாள்.

"தோண்டணும்னா வீட்டுக்காரங்களுக்கு நோட்டீஸ் குடுத்து, இடத்தக் காலி பண்ணணும் மேடம். யாருக்கு நோட்டீஸ் குடுக்கறதுன்னு தெரியணும்னா கால்வாய் எங்கன்னு தெரியணும். அது தோண்டினாதான் தெரியும்."

"பிரமாதம். உங்க ஆபீஸுக்கே ஒரு ரிவர்ஸ் கியர் தேவைப்படுது."

ஆனால் விடை அவளிடமே இருந்தது. நெட்டைத் தெருவில் யார் ஓட்டினாலும் கார் மெல்ல இடப்பக்கமாகச் சரிவதை அவள் வருஷக்கணக்காகப் பார்த்து வருகிறாள். பயந்தாங்கொள்ளிகள், சூரப்புலிகள், எல்லார் கையிலும் அதே கதை. தூர்த்த மண் காலப்போக்கில் உட்காரும். உட்கார்ந்த பக்கம் சாலை சாயும். சாய்ந்த பக்கம் வண்டி இழுக்கும். ஆகவே கால்வாய் இடப்பக்கம். இன்ஜினியர் இதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். இவ்வளவு விஞ்ஞானபூர்வமாக அவருடைய அலுவலகத்தில் யாரும் பேசி வெகுகாலமாகியிருந்தது. வரைபடத்தில் இடப்பக்கமாக ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. டீச்சர் கையெழுத்துப் போட்டாள்.

கோடு இரண்டு இடங்களின் மேல் போயிற்று: ஆளில்லாத ஒரு மரக்கிடங்கு, அடுத்து போட்டோ ஸ்டுடியோக்காரரின் வீடு. ஒரு வாரத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள். தோண்டுவதற்கு முன் இடிக்க வேண்டும். அதற்கு முன் காலி செய்ய வேண்டும்.

அந்த வீட்டுக்கு நேர் எதிர் வீடுதான் டீச்சரின் அக்கா வீடு. ஸ்டுடியோவின் நீல விளக்குப் பலகை தன் படுக்கையறைக்குள் எரிகிறது என்று அக்காவுக்கும் அவருக்கும் பல வருஷப் போர். நோட்டீஸைப் பார்த்த அன்று அக்கா தங்கையைக் கூப்பிட்டு டீ போட்டுக்கொடுத்தாள்.

"கடவுள் இருக்கார்டி. நான்தான் கோயில்ல தேடிட்டு இருந்தேன். அவர் முனிசிபாலிட்டியில இருந்திருக்கார்."

மறுநாள் ஸ்டுடியோக்காரரே டீச்சரைத் தேடி வந்தார். ஒரு காலத்தில் அவளிடம் கார் பழகி, லைசென்ஸ் தேர்வில் தேறாமல், கடைசியில் சைக்கிளே உத்தமம் என்ற முடிவுக்கு வந்தவர். அவள் சண்டைக்குத் தயாராக இடுப்பில் கை வைத்தாள்.

"சண்டைக்கு வரல டீச்சரம்மா. ஒரு சந்தேகம். போன வருஷம் வீட்டுக்குப் பின்னாடி தண்ணித் தொட்டிக்குப் பள்ளம் எடுத்தோம். முழங்கால் ஆழத்துலயே பாறை. கடப்பாரை வளைஞ்சுபோச்சு. படகு பாறைமேலயா போயிருக்கும்?"

"பாறைய வெட்டியிருப்பாங்கண்ணே."

"வெட்டியிருந்தா பாறை அங்க இருக்காதே?"

டீச்சர் இடுப்பிலிருந்த கையை எடுத்தாள்.

"அந்த வீட்ட விட்டா எனக்கும் என் சம்சாரத்துக்கும் போக்கிடம் இல்ல. அது வேற விஷயம்" என்றார் அவர். "நான் இப்பக் கேக்கறது படகப் பத்தி."

அவர் போன பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. இரண்டு நாள் கழித்து, அவளுடைய காரில் பிரேக் வேலை இருந்ததால் கணவனின் பட்டறையில் விட்டிருந்தாள். கணவன் மெக்கானிக். ஊரார் வண்டியெல்லாம் அவன் கையில் பளபளக்கும். வீட்டு வண்டியின் முறை எல்லாருக்கும் பிறகுதான் வரும். வேலை முடிந்த வேறொருவரின் காரைச் சோதித்துப் பார்க்க அவன் கிளம்பியபோது, "நான் ஓட்டறேன், நெட்டைத் தெருவுக்குப் போகலாம்" என்று அவள் ஏறிக்கொண்டாள்.

தெருவின் நடுவே, ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து, ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்தாள்.

கார் நேராகப் போயிற்று.

"என்னங்க இது, நேராப் போகுது?"

"கார்னா நேராத்தான் போகும். முதல்ல ஸ்டியரிங்கப் பிடி."

"இந்தத் தெருவுல எல்லா வண்டியும் இடது பக்கம் இழுக்கும்!"

"எல்லா வண்டியுமா? உன் வண்டி இழுக்கும். எந்தத் தெருவுல போனாலும் இழுக்கும். வேற தெருவுல எல்லாம் திருப்பமாவே இருக்கு, உனக்குத் தெரியல. உனக்கு அலைன்மென்ட் போய் ரெண்டு வருஷமாச்சு."

"அத ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லலையா? நல்லா இருக்கே! சரி பண்ணிடறேன்னு நான் வந்தப்ப நீ என்ன சொன்னே? 'வேணாங்க, கொஞ்சம் இழுத்தாத்தான் பழகறவங்க ஸ்டியரிங்கக் கெட்டியாப் பிடிப்பாங்க. அப்படியே இருக்கட்டும்'ன்னு யார் சொன்னா, பக்கத்து வீட்டுக்காரியா?"

சொன்னவள் அவள்தான். சொன்னதையே மறந்துவிட்டாள். அவள் ஓட்டும்போது கை தானாகவே வலப்பக்கம் ஒடித்துக்கொள்ளும் அளவுக்கு அந்தக் கோணல் பழகிவிட்டிருந்தது. ஆக, நகராட்சியின் வரைபடம், இன்ஜினியரின் நோட்டீஸ், இடியப்போகும் ஒரு வீடு எல்லாம் ஒரு காரின் முன்சக்கரக் கோணலை நம்பி நின்றுகொண்டிருந்தன. டீச்சர் தெருவோரமாக வண்டியை நிறுத்தினாள். முறைப்படி சிக்னல் போட்டுத்தான் நிறுத்தினாள்.

"இனி வலது பக்கம் பாக்கணும்" என்றாள்.

கணவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். "வலது பக்கம் யார் வீடுன்னு ஞாபகம் இருக்கா?"

வலப்பக்கம் ஒரு முள்மண்டிய காலி மனை, ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டுத் திடல், இரண்டுக்கும் நடுவில் அக்கா வீடு.

அங்கேயும் பாறையாக இருந்துவிட வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டு போனாள். அப்படி இருந்தால் கால்வாயே இல்லை என்றாகிவிடும். அதையும் அவளால் தாங்க முடியாது. இந்த இரண்டு ஆசையையும் ஒன்றாகச் சுமந்துகொண்டு அவள் அக்காவின் சமையலறைக்குள் நுழைந்தாள். அந்தச் சமையலறையைப் பற்றி அக்கா புலம்பாத நாள் கிடையாது. ஃபிரிட்ஜின் பின்காலுக்கு அடியில் மரத்துண்டு. பின்கதவு சேராது. அலமாரி தானாகத் திறந்துகொள்ளும். "கட்டின கொத்தனார் கைய ஒடிக்கணும்" என்பது அக்கா தாளிக்கும்போதெல்லாம் சொல்கிற சொல். தங்கை அதை வருஷக்கணக்காகக் கேட்டிருக்கிறாள். கூடப் பிறந்தவளின் புலம்பல் காதில் விழும், மண்டையில் ஏறாது.

கூடையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து, தரையின் நடுவில் வைத்துக் கையை எடுத்தாள். அது ஒரு கணம் யோசித்துவிட்டு, பின்கதவை நோக்கி உருண்டது.

"பழத்த வச்சு விளையாடற வயசாடி உனக்கு?"

டீச்சர் பக்கச் சந்துக்குப் போனாள். அங்கேதான் அக்கா துணி துவைக்கிற கல் இருந்தது. வீட்டுக்குக் குளியலறை கட்டியபோது அத்தான் நாலு ஆளை வைத்து அதைப் பெயர்க்கப் பார்த்து, முடியாமல், சுவரையே வளைத்துக் கட்டிக்கொண்டார். மண்ணுக்குள் அவ்வளவு ஆழத்துக்குப் போயிருந்தது கல். அதன் ஒரு விளிம்பில், விரல் புதையும் ஆழத்தில், வரிவரியாகப் பள்ளங்கள். எல்லாம் ஒரே சாய்வில். துணி வழுக்காமல் இருக்க நல்ல வசதி என்று அக்கா சொல்வாள்.

டீச்சர் ஒரு பள்ளத்தில் விரலை வைத்து இழுத்துப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. உளியால் வெட்டியதல்ல, தேய்ந்தது. ஈரக் கயிறு, கயிற்றில் ஒட்டிய மணல், அதன் மறுமுனையில் பாரம் ஏற்றிய படகு. ஒரு கல்லில் இவ்வளவு பள்ளம் விழ எத்தனை பேர் எத்தனை வருஷம் இழுத்திருக்க வேண்டும்! படகில் வந்தது உப்பா, ஓடா? அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. உள்ளபடியே சொல்வதென்றால், முதலில் வந்தது சந்தோஷம்தான். அது அக்காவின் சமையலறை என்பது இரண்டாவதாகத்தான் ஞாபகம் வந்தது.

"எதுக்குடி அந்தக் கல்ல இப்படித் தடவற?" வாசற்படியில் நின்ற அக்காவின் குரல் மாறியிருந்தது. அக்கா மந்தமானவள் அல்ல.

டீச்சர் சொன்னாள். காரில் தொடங்கி எலுமிச்சம்பழம்வரை எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீ எனக்குத் தங்கச்சியா, இல்ல முனிசிபாலிட்டிக்குப் பொறந்தவளா?"

"முன்னாடி ரெண்டு ரூமும் கரையிலதான் இருக்கு அக்கா. அதுக்கு ஒண்ணும் ஆகாது. சமையல்கட்டும் பின்னாடியும் மட்டும்தான்..."

"மட்டும்தானா? முப்பது வருஷம் நான் அங்கதான் நின்னுருக்கேன்."

"சாஞ்சுபோன சமையல்கட்டுன்னு நீதானே தினம் கொத்தனாரத் திட்டறே?"

"திட்டறதும் இடிக்கறதும் ஒண்ணாடி? உன் அத்தானக்கூடத்தான் தினம் திட்டறேன்."

சிரிக்க வேண்டிய இடம். இருவரும் சிரிக்கவில்லை.

"உன்ன யார் கேட்டா?" என்று அக்கா தணிந்த குரலில் தொடங்கினாள். "கோடு போட்டாச்சு. அப்படியே விடு. பாறையப் பாத்தா அவங்களே நிறுத்திடுவாங்க."

"வீட்ட இடிச்சுட்டுத்தான் அக்கா பாறையப் பாப்பாங்க. அதான் அவங்க முறை."

அக்கா சந்தின் வழியாகத் தெருவின் எதிர்ப்பக்கம் பார்த்தாள். பகலிலும் அந்த நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாசலில் ஸ்டுடியோக்காரரின் மனைவி அட்டைப்பெட்டிகளை வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த லைட்ட அணைக்கத்தான் சொன்னேன்" என்றாள் அக்கா. "வீட்ட இடிக்கச் சொல்லல." தங்கை பக்கம் திரும்பி, "அதுக்காக என் வீட்ட இடிக்கவும் சொல்லல. எழுந்து போடி."

அடுத்த சில நாட்கள் பிரேக் டீச்சரிடம் பழகியவர்களுக்கு மறக்க முடியாதவை. யாரையும் அவள் திட்டவில்லை. ஒருவர் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போனபோதுகூட, "ம்" என்றாள். பயந்துபோன அவர் வண்டியை ஓரங்கட்டி, "மேடம், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். ஸ்டுடியோக்காரர் வீட்டு வாசலில் ஒரு மினி லாரி வந்து நின்றதை அவள் பார்த்தது அன்றுதான். அங்கிருந்து நேராக நகராட்சிக்கு ஓட்டச் சொன்னாள்.

குழு கூடியிருந்தது. இன்ஜினியர், தலைவர், குறிப்பெடுக்கும் கிளார்க், ஆளுக்கொரு டீ.

"இடப்பக்கம் தப்பு சார். கால்வாய் வலப்பக்கம் போயிருக்கு."

"ஆதாரம் மேடம்?"

"போன தடவைக்கா, இந்தத் தடவைக்கா? போன தடவை ஆதாரம் என் காரோட வீல் அலைன்மென்ட். இந்தத் தடவை ஒரு பாறை, ஒரு துவைக்கிற கல், ஒரு எலுமிச்சம்பழம்."

கிளார்க் எழுதுவதை நிறுத்தினார். தலைவர் வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பினார். "வலப்பக்கம்னா ஒரு வீடுதானே இருக்கு? யாரோடது?"

"எங்க அக்காவோடது."

இன்ஜினியர் நல்ல பிள்ளை. மேட்டில் தன்னைக் காப்பாற்றிய காலுக்கு நன்றியுள்ளவர். "மேடம்," என்றார் மெதுவாக, "பாறைன்னு சொல்லி இடப்பக்க நோட்டீஸ நிறுத்திடலாம். வலப்பக்கம் பத்தி நீங்க ஒண்ணும் எழுதித் தர வேணாம். கால்வாய் கிடைக்கலன்னு ஃபைல மூடிடறேன்."

நல்ல வழிதான். எல்லா வீடும் தப்பும். மழைத் தண்ணீர் மட்டும் வழக்கம்போல் முழங்கால்வரை ஏறும். டீச்சர் அதை யோசிக்காமல் இல்லை. மேசைக்கடியில் அவளுடைய வலது கால் ஒருமுறை அழுத்தி மிதித்தது.

"அது எந்தப் பக்கம் போச்சுன்னுதானே சார் கேட்டீங்க?" என்றாள்.

இடப்பக்கத்துச் சிவப்புக் கோட்டைக் குறுக்கே அடித்தாள். வலப்பக்கம், அக்காவின் சமையலறை வழியாக, புதுக்கோடு போட்டாள். முந்தைய கோடு தன் தவறு என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்திட்டாள். நோட்டீஸ் ஒட்ட ஆள் கிளம்புவதற்குள் அக்கா வீட்டுக்குப் போய், தானே சொன்னாள்.